மோந்தெல்வாவின் தென்சுவர்

1654, சூன் 2

"மோந்தெல்வா மக்களே! கல்லுடைத்தும் கழனி உழுதும் ஈட்டியதில் பங்கு கொடுத்து இக்கோயிலை எழுப்பியவர்களின் வழிவந்தோரே! உங்கள் கோயிற்சுவரில் ஒருவன் ஓட்டை இட்டான், பொறுத்தீர்கள். அந்த ஓட்டையின் வழியே விழும் ஒளியைக் கொண்டு வானத்தை அளந்தான், வாழ்த்தினீர்கள். இன்று அதே மனிதன், அதே ஓட்டையைக் காட்டி, இறைவன் இட்ட எல்லையை ஞாயிறு மீறப்போகிறது என்கிறான்! இதையும் பொறுப்பீர்களா?"

ஏழாம் நாள் மறையுரைக்கு இதுவே தொடக்கம். 'பொறுப்பீர்களா' என்னுமிடத்தில் குரலை இறக்க வேண்டும். ஏற்றினால் அது கேள்வி, இறக்கினால் ஆணை.

ஆயர் இன்று காலை கோயிலின் மறையுரையாளனான என்னை அழைத்து இப்பணியை ஒப்படைத்தார். வானியலார் எர்க்கோலே குருமார் அவையின் முன் நின்று, கோயிலின் தென்சுவர் வெளிப்புறமாகச் சாய்கிறது என்றாராம். மரக்கூரையை நீக்கிவிட்டு ஆயர் எழுப்பியுள்ள புதிய கற்கூரை சுவரைத் தள்ளுகிறதாம். இருபத்துநான்காம் நாள் புனித யோவான் பெருவிழாவில் ஊர் முழுவதும் அக்கூரையின் கீழ் நிற்கக்கூடாதாம். உண்மையில் அவர் பேசியது சுவரைப் பற்றி. ஞாயிற்றைப் பற்றி அன்று. ஆனால் மக்கள் மன்றத்தில் அத்தகைய நுணுக்கங்களுக்கு இடமில்லை.

அடுத்த தவக்காலத்துக்கு உரோமையில் ஒரு மறையுரை மேடைக்கு ஆள் தேடுகிறார்கள் என்றும் ஆயர் சொன்னார். இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

குருமார் உடை மாற்றும் திருவுடை அறையின் அலமாரிக் கதவு மூட மறுக்கிறது. மரம் ஈரத்தில் ஊதியிருக்கும். மழை இல்லைதான்.

சூன் 4

குற்றம் சாட்டுமுன் குற்றவாளியின் வாழ்வை அறிதல் முறை. ஆகவே திரட்டினேன்.

எர்க்கோலே துறைமுக ஊரொன்றில் படகு கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். வடநாட்டுப் பல்கலைக்கழகத்தில் கணக்கு கற்பித்தவர். நிலவின் மலைகளை அவற்றின் நிழலைக் கொண்டே அளந்து படமாக வரைந்தவர். வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளும் மறையும் வேளைகளை மாலுமிகளுக்காகக் கணித்துக் கொடுத்தவர். உயிர்ப்புப் பெருவிழாவின் நாளைப் பிழையின்றிக் குறிக்க ஞாயிற்றை அளக்க வேண்டும் என்று முன்னைய ஆயரே அவரை இங்கு வரவழைத்தார்.

தென்சுவரின் உச்சியில் காசளவு ஓட்டை ஒன்றை இட்டு, அதற்கு நேரே தரையில் தெற்கு வடக்காகப் பளிங்குக் கோடு ஒன்றை எர்க்கோலே பதித்தார். நண்பகலில் ஞாயிற்றின் ஒளிவட்டம் அக்கோட்டின்மேல் விழும். குளிர்காலத்தில் வடக்கே வெகுதொலைவில் விழும். வெயில் ஏற ஏறச் சுவரை நோக்கி வரும். ஆண்டின் நெடும்பகலான சூன் இருபத்தொன்றில் அது வந்து நிற்கும் இடத்தில் வெண்கல விண்மீன் ஒன்று பதிந்திருக்கிறது. அதுவே ஞாயிற்றின் எல்லை. அங்கே சில நாள் அசையாமல் நின்று, பின் மெல்ல வடக்கே திரும்பும். இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் அது விண்மீனைத் தாண்டியதில்லை.

இன்று நண்பகலில் கோயிலுக்குள் சென்றேன். கிழவர் தரையில் குப்புறப் படுத்துக் கோட்டின்மேல் அளவுகோலை வைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றை நெடுநாள் பார்த்த கண்கள். அருகில் வைத்தால்தான் தெரிகிறது.

"எழுந்திருங்கள், பெரியவரே. கோயிலில் படுப்பது முறையா?"

"கும்பிடுறவன் மண்டி போடுறான், அளக்கிறவன் படுக்கிறான். நீயும் படு சாமி. ஏன், தொப்பை இடிக்குமோ?"

நான் படுக்கவில்லை.

"இன்னும் பத்து நாள்ல இந்த வட்டம் விண்மீனைத் தொட்டுரும்" என்றார். "ஒரு வாரம் முன்னாடியே. பந்தக்கால் நடும்போதே இலை போடச் சொல்ற விருந்தாளி மாதிரி."

"அப்படியானால் ஞாயிறு பிழை செய்கிறது என்கிறீர்கள்."

"ஏன்ப்பா என் வாயில சொல்ல வைக்கிற? ஞாயிறு அது பாட்டுக்கு அதன் வழியில போகுது. ஓட்டை இருக்கிற சுவரு வெளிய போகுது. சுவரு போனா ஓட்டை போகும், ஓட்டை போனா ஒளியும் அந்தப் பக்கமே போகும். விழாவைத் திடல்ல வைங்க. நான் கேக்கிறது அவ்வளவுதான்."

விடைபெற்றபோது என் தோளில் வெண்பொடி படிந்திருந்தது. தட்டிவிட்டேன்.

சூன் 7

கோயில் நிறைந்து வழிந்தது. தொடங்கிய இடத்திலேயே ஒரு பெருமூச்சு எழுந்தது. 'பொறுப்பீர்களா' என்றபோது அது உறுமலாயிற்று. கடல் எழுவதைக் கரையில் நின்று பார்ப்பவனுக்கு அச்சம். எழுப்பியவனுக்கு என்ன என்பதை இங்கு எழுதத் தேவையில்லை.

மறையுரை முடிந்ததும் ஒரு கூட்டம் மீன்காரத் தெருவுக்கு ஓடிற்று. நான் தெருவைச் சொன்னேன், வீட்டைச் சொல்லவில்லை. அத்தெருவில் வானியலார் ஒருவரே குடியிருக்கிறார் என்பது என் பிழையன்று. தொலைநோக்கியை உடைத்தார்களாம், நிலவின் படங்களை அடுப்பில் இட்டார்களாம். உடைந்த தொலைநோக்கியின் கண்ணாடியை ஓர் இளைஞன் துணியில் சுற்றி எனக்குப் பரிசாகக் கொண்டுவந்தான். மறுத்தால் வருந்துவான் என்று வாங்கிக்கொண்டேன்.

கிழவரைக் காப்பதற்காக ஆயர் அவரைத் தம் மாளிகையின் நிலவறையில் வைத்திருக்கிறார்.

சூன் 8

தொண்டை கட்டிவிட்டது. அதிமதுரம் கொதிக்கவைத்துக் குடித்தேன். வேறொன்றுமில்லை.

சூன் 11

பீடத்துணி துவைப்பவள் எர்க்கோலேயின் மகள் ஓர்சோலா. கணவனை இழந்தவள். இன்று துவைத்த துணிகளைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள்.

"என்ன சாமி, துணியெல்லாம் சுண்ணாம்பு? உள்ள பூசை பண்றீங்களா, வீடு கட்டுறீங்களா?"

"புதிய கூரையின் தூசி. ஓயும்."

"ஓயாது. போன மாசம் ஒரு அலசு அலசினேன், இப்ப மூணு அலசு." பின் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா இருமுறாரு. இருமினா ரத்தம் வருதாம். காவக்காரன் சொன்னான். கம்பளி ஒண்ணு கொடுக்க விடுங்க. நான் கொடுக்க வேணாம், நீங்களே கொடுங்க."

"ஆயரின் நெஞ்சில் இரக்கம் உண்டு, ஓர்சோலா. அறத்தின் வழியில் நின்று, உரிய வேளையில், உரிய முறையில்..."

"மேடையில பேசுற மாதிரி பேசாதீங்க சாமி. கம்பளி."

கம்பளியை வாங்கி வைத்துக்கொண்டு, ஆயரிடம் சொல்வதாக வாக்களித்தேன். கம்பளி நன்றாக நெய்யப்பட்டது, பழுப்பு நிறம்.

சூன் 13

ஆயரிடம் விழா ஒழுங்குகளைப் பேசினேன். கோமகனின் தூதர் வருகிறார். கற்கூரை அன்றுதான் நேர்ந்தளிக்கப்படும். மறையுரை என்னுடையது. கம்பளியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.

சூன் 14

ஒளிவட்டம் இன்று விண்மீனைத் தொட்டது.

சூன் 17

நான்கு விரல் தாண்டிவிட்டது. நண்பகலில் கோயிலில் கூட்டம் கூடுகிறது. முதலில் சிறுவர்கள், இன்று வணிகர்களும் வந்தனர். 'கிழவன் சொன்னபடி ஆச்சே' என்று ஒருவன் சொல்லக் கேட்டேன். 'உலகம் முடியப்போகுது' என்றான் மற்றொருவன். சுவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் அவர்களுக்குச் சுவரைச் சொல்லவே இல்லையே.

ஆயர் அமைதியாக ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வட்டம் விண்மீன்ல விழலன்னா என்ன செய்யணும், தெசிதேரியோ?"

"சுவரை ஒருமுறை பார்க்கச் செய்யலாம், பெருமானே."

"சுவரைப் பார்த்தா, பார்த்தோம்னு ஆயிடும். தூதர் வர்ற நேரத்துல என் கூரையைக் காட்டணுமா, முட்டுக்கட்டையைக் காட்டணுமா?" ஒரு சுளையை என்னிடம் நீட்டினார். "விண்மீன் என்ன, வானத்திலயா இருக்கு? தரையில இருக்கு. கொத்தனைக் கூப்பிடு."

பழம் இனித்தது.

சூன் 18

விடிந்ததும் கதவுகளை அடைத்துவிட்டுக் கொத்தனார் நன்னி வேலை செய்தார். வெண்கல விண்மீனைப் பெயர்த்து, சுவரை நோக்கி நான்கு விரலும் கொஞ்சமும் தள்ளிப் பதித்து, பழைய குழியைப் பளிங்குத் துண்டால் அடைத்தார். தேர்ந்த கை; தழும்பு தெரியவில்லை.

"என்ன நன்னி, முடிந்ததா?"

"முடிஞ்சுது சாமி. வானத்துல தப்பில்ல, தரையிலதான்னு சொன்னாங்க, தரைய மாத்திட்டேன். நாளைக்கு ஆறு தப்பா ஓடுதுன்னா பாலத்தைத் தூக்கி வைக்கச் சொல்லுவாங்க. அதையும் செய்வேன். கூலிக்காரனுக்கென்ன."

நண்பகலில் வட்டம் விண்மீனின் நெஞ்சில் விழுந்தது. மக்கள் மண்டியிட்டனர். நான் மேடையேறினேன்: "வரம்பு மீறியதாக வதந்தி கிளப்பினர், வரம்புக்குள் நிற்கிறது வான்சுடர்! பிழை விண்ணில் இல்லை; பிழை அளந்தவன் கண்ணில்!" பெண்கள் அழுதனர். வணிகர்கள் என் கையை முத்தமிட்டனர்.

கை கழுவும்போது கிண்ணத்தின் அடியில் மணல் தங்கியது.

சூன் 20

எர்க்கோலே இன்று தம் கூற்றைத் தாமே மறுக்கும் மறுப்புரை படித்தார். மாளிகையின் பெருங்கூடத்தில் வெறுந்தரையில் மண்டியிட்டு, கையில் எரியும் மெழுகுதிரியுடன். வதைக்கருவிகள் வைத்திருக்கும் அறையை நேற்று அவருக்குக் காட்டினார்களாம். காட்டியதோடு சரி.

மறுப்புரையின் வாசகம் என்னுடையது. "என் கண்ணின் தளர்ச்சியால், என் நெஞ்சின் செருக்கால், நிற்கின்ற சுவரை வீழ்வது என்றேன்" என்ற அடி ஓசையில் நன்கு அமைந்திருந்தது. அவர் வாயில் அது இருமலால் மும்முறை உடைந்தது. மெழுகு கையில் வழிந்தது. அவர் கையை அசைக்கவில்லை.

எழ முடியவில்லை. தூக்கிவிட்டேன். எடையே இல்லை.

"விண்மீனை நகர்த்திட்டீங்களாமே" என்றார் மெல்ல. "காவக்காரன் சொன்னான். நல்ல காரியம்."

"நல்ல காரியமா?"

"இதுவரைக்கும் சுவரு எவ்வளவு போச்சுன்னுதான் எனக்குத் தெரியும். எவ்வளவு வேகமாப் போகுதுன்னு தெரியாது. இப்ப நீங்களே புதுக் குறி வச்சுக் கொடுத்துட்டீங்க." மூச்சு வாங்கினார். "நாளைலருந்து ஞாயிறு நிக்கும் சாமி. நாலு நாள் அசையாது. நிக்கிற விளக்கோட வெளிச்சம் நகர்ந்தா, நகர்றது எது? போய்ப் படுத்துப் பாரு. தொப்பை இடிச்சாலும் பரவால்ல."

கம்பளியைப் பற்றி அவர் கேட்கவில்லை. அது என் அறையில் இருக்கிறது.

சூன் 21

நண்பகலில் தற்செயலாகக் கோயில் வழியே சென்றேன். வட்டம் விண்மீனின்மேல் நின்றது. சற்றே தென்விளிம்பில். ஆயினும் அதன்மேல்தான்.

காலணி வாரைத் தைத்துக்கொண்டேன். அவரைப்பருப்புக் கஞ்சி குடித்தேன். நன்றாக உறங்கினேன் என்று எழுத விரும்புகிறேன்.

சூன் 22

ஒரு விரல் தாண்டியிருக்கிறது. விண்மீனில் அழுக்கு இருக்கலாம் என்று அங்கியின் நுனியால் துடைத்தேன். ஒரு விரலேதான்.

படுத்துப் பார்த்தேன்.

சூன் 23

மூன்று விரல்.

ஞாயிறு நிற்கிறது, ஒளி இன்றோ நாளையோ வடக்கே திரும்பத் தொடங்க வேண்டும். அதுவோ தெற்கே போகிறது. என் கண் இளமையானது. என் நெஞ்சின் செருக்கைப் பற்றி வேறு இடத்தில் எழுதலாம். அதனால் ஒளி நகராது.

நன்னியைத் தேடிப் போனேன். வீட்டு வாயிலில் சாந்துக்கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தென்சுவரில் வெடிப்பு உண்டா?"

"இல்ல சாமி."

"நன்னி."

"இப்ப இல்ல. பூசிட்டேன். போன வாரம் கை நுழைஞ்சுது, பூசினேன். முந்தாநாள் திறந்துச்சு, மறுபடி பூசினேன். கூரை மேல ஏறினா ரெண்டு கல்லுக்கு நடுவுல வானம் தெரியுது." கரண்டியைத் திருப்பித் திருப்பிக் கழுவினார். "நாளைக்கு எங்க வீட்டுல எல்லாருக்கும் காய்ச்சல். விழாவுக்கு வர மாட்டோம்."

"நாளை வரும் காய்ச்சல் இன்றே தெரியுமா?"

"தெரியும் சாமி."

ஆயரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் தெரியும் என்பதை அவர் முதுகில் கண்டேன்.

"இத்தனை மாசம் நின்ன சுவரு, இன்னும் ஒரு நாள் நிக்காதா? விழா முடியட்டும், முட்டு வைக்கிறேன், வாக்கு. நீ மட்டும் இப்ப வாயைத் திறந்தா, ஏழாந்தேதியும் பதினெட்டாந்தேதியும் நீ என்ன சொன்னேன்னு ஊர் கேக்கும். என்ன சொல்லுவ?" பிறகு கனிவாக, "உரோமைக்கு மடல் எழுதிட்டேன்" என்றார்.

நான் 'சரி' என்றேன். அந்தச் சொல்லை இங்கே எழுதுகிறேன். யாரும் எனக்காக அதை மாற்றிச் சொல்லக்கூடாது.

என்ன செய்வது என்று அறிந்தவர் ஊரில் ஒருவரே. அவரைத் தேடிக் கம்பளியுடன் நிலவறைக்கு இறங்கினேன். கதவு திறந்து கிடந்தது. ஓர்சோலா ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையில் முடிந்துவிட்டதாம். இறந்த பிறகுதான் அவளை உள்ளே விட்டிருக்கிறார்கள்.

கம்பளியை வாங்கி, விரித்து, அவர்மேல் போர்த்தினாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"கடைசி வரைக்கும் காவக்காரன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாராம். 'இன்னைக்கு விண்மீன்லருந்து எத்தனை விரல்?' அவன் போய்ப் பார்க்கல. சும்மா 'சரியா இருக்கு தாத்தா'ன்னு சொல்லியிருக்கான். அப்பா அழுதாராம். சந்தோஷத்துல. சுவரு நின்னுடுச்சுன்னு."

"மூன்று விரல்" என்றேன்.

அவள் துணியைப் பிழிந்தாள். "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எங்க அப்பாகிட்ட ஒரு ஓட்டைதான் இருந்துச்சு சாமி. உங்ககிட்ட வாய் இருக்கே."

சூன் 24

திருவுடை அறையில் அமர்ந்து எழுதுகிறேன். மணி அடிக்கிறது. தூதர் வந்துவிட்டார். கதவிடுக்கு வழியே பார்க்கிறேன்: தென்சுவர் ஓரமாகத்தான் நெருக்கம் மிகுதி, அங்கே நிழல் குளிர்ச்சியாக இருக்கிறது. குழந்தைகளுக்கு வெள்ளை உடுத்தி அழைத்து வந்திருக்கிறார்கள். நன்னியின் குடும்பம் வரவில்லை. நேற்று நான் 'சரி' என்றதை நம்பி ஆயர் மேடையை எனக்கு விட்டிருக்கிறார். கீழே அவருடைய காவலர் நால்வர். நான் பேசத் தொடங்கினால் இழுத்து இறக்க அவர்களுக்குச் சில மூச்சே போதும். ஆகவே உரை சிறிதாக இருக்க வேண்டும். முன்னுரையும் உவமையும் அடுக்கும் வேண்டா. நம்புவார்களா? நம்பாதிருக்கப் பழக்கியவன் நான். கீழே எழுதியதை அப்படியே சொல்வேன். மை காயக் காத்திருக்கவில்லை.

"மோந்தெல்வா மக்களே! பாட்டை நிறுத்துங்கள். இந்தச் சுவர் விழுகிறது. உங்கள் வலப்புறம் நிற்கும் இந்தச் சுவர். விண்மீனை நகர்த்தியது கொத்தனார் கை. நகர்த்தியதை மறைத்தது என் வாய். எர்க்கோலே உங்கள் உயிரைக் காக்கக் கேட்டார். நான் உங்களைக் கொண்டே அவர் உயிரை எடுத்தேன். அவருக்காக அழ இது நேரமன்று. மேலே பார்க்காதீர்கள், பார்த்து நிற்க நேரமில்லை. சுவரோரம் இருப்பவர்கள் முதலில். மெழுகுதிரிகளைக் கீழே போடுங்கள். குழந்தைகளைத் தூக்குங்கள். நடக்க முடியாதவர்களை இருவர் இருவராகத் தூக்குங்கள். காவலரே, என்னைப் பிறகு பிடிக்கலாம். அருகில் நிற்கும் தாயின் கையைப் பிடியுங்கள்! என்னை நம்ப வேண்டா. திடலுக்குப் போங்கள், அங்கே நின்று என்னைத் தூற்றுங்கள், கல்லெறியுங்கள். மாலைவரை சுவர் நின்றால் என்னைத் தூக்கிலிடுங்கள்; கயிற்றை நானே தருகிறேன். ஆனால் எழுங்கள். வாயிலை விட்டு விலகாதவனைத் தள்ளிக்கொண்டு போங்கள். வெளியேறுங்கள். இப்போதே வெளியேறுங்கள்!"